தையல் மெஷின் வாங்குவதா, கருப்பட்டியில் இறங்குவதா? சபைப் பணத்தை ஊர்ப் பிழைப்புக்குப் போட்டவர்கள் சொல்லுங்கள்

தேரிக்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். சாத்தான்குளத்துக்கும் திசையன்விளைக்கும் நடுவில், தேரி மணலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, நூற்றிச் சொச்சம் குடும்பம். இங்கிருந்து போய் வெளிநாட்டில் நன்றாக இருக்கிற ஒரு குடும்பம், அப்பா நினைவாக ஆறு லட்சம் தருகிறோம் என்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: மதில், வளைவு, கோபுரம் என்று கட்டடத்தில் போடக்கூடாது, ஜனங்கள் பிழைப்புக்கு ஆகவேண்டும்.

கமிட்டி உடனே தையல் பயிற்சி நிலையம் என்றது. கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் முன்பு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த மெஷின்கள் இன்னமும் பழைய சேலை போட்டு மூடிக் கிடக்கின்றன. பயிற்சி முடித்த பிள்ளைகளில் பாதி கல்யாணமாகிப் போயிற்று, மீதி திருப்பூர் போயிற்று. அதைச் சொன்னால், இந்தத் தடவை பவர் மெஷின் வாங்குவோம் என்கிறார்கள்.

எங்கள் குருவானவர் இப்போது ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். ஊரில் என்ன இல்லை என்று பார்ப்பதை விட்டுவிட்டு என்ன இருக்கிறது என்று முதலில் கணக்கெடு, சிகாகோவில் ஜான் மெக்நைட், ஜோடி கிரெட்ஸ்மன் என்று இரண்டு பேர் 1993-லேயே இதை ஒரு முறையாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு தாள் கொடுத்தார். உங்கள் தலைக்கு என்ன தெரியும், கைக்கு என்ன தெரியும், இருதயத்துக்கு எதில் அக்கறை, எழுதுங்கள் என்று. திரும்பி வந்த தாளில் பாதியில் "ஒன்றும் தெரியாது" என்று இருக்கிறது. அதில் ஒருவர் சின்ன வயதிலிருந்து பனை ஏறுகிறவர். அவர் வீட்டம்மா பதநீர் காய்ச்சி கருப்பட்டி ஊற்றுகிறவர், அந்த அக்காவும் அதையேதான் எழுதியிருக்கிறார்.

இந்த முறை உண்மையிலேயே எங்கேயாவது நடந்திருக்கிறதா, இல்லை இதுவும் பயிற்சி முகாம்களில் மட்டும் இனிக்கிற பேச்சா? செய்தவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. கமிட்டி கூடுவதற்குள் எனக்கு நாலு வார்த்தை பேசத் தெரியவேண்டும்.

குழித்துறைக்காரன்:

சிகாகோ வரைக்கும் எதற்குப் போகவேண்டும் தம்பி, மார்த்தாண்டத்துக்கு வாருங்கள். 1920-களில் இது திருவிதாங்கூர். ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச் செயலாளர் சேலத்துக்காரர் கே.டி.பால், நகரத்து இளைஞர் சங்கமாக இருந்ததைக் கிராமத்துப் பக்கம் திருப்பியவர். அந்த வேலையில்தான் ஸ்பென்சர் ஹாட்ச் என்கிற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராமச் சீரமைப்பு மையம் நடத்தினார். அவர் கையில் எடுத்ததெல்லாம் ஊரில் ஏற்கெனவே கிடந்தவை: கோழி, முட்டை, பனை, தேனீ.

தேன் எங்கள் ஆட்களுக்குப் புதிதா? பொந்தில் புகை போட்டு, கையை விட்டு அடையைப் பிய்த்து, துணியில் போட்டுப் பிழிவார்கள். தேனோடு புழுவும் மகரந்தமும் சேர்ந்து வரும், சீக்கிரம் புளிக்கும், கூடும் அதோடு அழிந்துவிடும். மையம் கொண்டுவந்தது சட்டம் வைத்த மரப்பெட்டி. அடையைச் சட்டத்தோடு வெளியே எடுத்து, சுழற்றுகிற எந்திரத்தில் வைத்துத் தேனை மட்டும் இறக்கிவிட்டு அடையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். பூச்சி மீண்டும் அதே அடையை நிரப்பும். அவ்வளவுதான் புதுமை. பூச்சி எங்கே இருக்கும், எப்போது பிரியும், எந்தப் பூவுக்கு எந்த மாதம் என்பதெல்லாம் இந்த ஊர் ஆட்களுக்கே தெரிந்ததுதான். பெட்டி அடிக்க ஊரில் ஆசாரி இருந்தார். இன்றைக்கும் தேனீ வளர்ப்பவர்களிடம் மார்த்தாண்டம் பெட்டி என்றால் தெரியும்.

பெட்டியோடு நின்றிருந்தால் இதுவும் உங்கள் தையல் மெஷின் மாதிரிதான் ஆகியிருக்கும். விற்க வழி செய்தார்கள். முட்டையைத் தரம் பிரித்துச் சேர்ந்து விற்க ஒரு சங்கம், தேனுக்குக் கூட்டுறவு சங்கம். 1990-களின் தொடக்கத்தில் தேனீக்களைத் தாக்குகிற தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் வந்து தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகள் காலியாகின. எங்கள் பக்கம் தொழில் செத்தது என்றே நினைத்தோம். தப்பித்த கூடுகளைப் பிடித்து மறுபடி பெருக்கினார்கள், இப்போதும் மாசி, பங்குனியில் ரப்பர் தளிர் விடும்போது தோட்டம் தோட்டமாகப் பெட்டி போகிறது. வெளியிலிருந்து வந்த தொழிலாக மட்டும் இருந்திருந்தால் அந்த வைரஸோடு கதை முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

முட்டத்து அலை:

குழித்துறை அண்ணாச்சி சொன்னதில் விற்பனைதான் முக்கியம், அதை நான் இன்னும் ஒரு படி இறக்கிச் சொல்கிறேன். கடன்.

1953-ல் கொல்லம் நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் வந்தது. சிறு மீனவனுக்கு எந்திரப்படகு என்றுதான் தொடங்கினார்கள். இறால் ஏற்றுமதி சூடு பிடித்ததும் இழுவைப்படகு வாங்கக் காசு வைத்திருந்தவன் கைக்குப் போய்விட்டது. கட்டுமரக்காரன் கரையில் நின்று பார்த்தான். கடலைப் பற்றி எல்லாம் தெரிந்தவனுக்கு ஒன்றும் இல்லை.

இதற்கு நேர் எதிரான வேலை மரியநாட்டிலும் பிறகு கோட்டாறு மறைமாவட்டக் கடற்கரை ஊர்களிலும் நடந்தது. மரியநாடு திருவனந்தபுரம் பக்கம், மறைமாவட்டம் 1960-களில் குடியேற்றிய ஊர். அங்கே இருந்தவர்கள் முதலில் கவனித்தது மீன் பிடிப்பதை இல்லை, பிடித்த மீன் யார் கையால் ஏலம் போகிறது என்பதை. வலைக்கும் மரத்துக்கும் வியாபாரியிடம் கடன் வாங்கியிருப்பான், அதனால் மீனை அவனிடம்தான் போடவேண்டும், விலையும் அவன் சொல்வதுதான். வட்டியை விட இந்தக் கட்டுதான் பெரிய நஷ்டம். அதனால் சங்கமே கரையில் ஏலம் விட ஆரம்பித்தது. ஏலத் தொகையில் கடனுக்கு ஒரு பங்கு, சேமிப்புக்கு ஒரு பங்கு, சங்கச் செலவுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தார்கள். மீன் படாத நாளில் தவணையும் இல்லை. இந்த ஒரு விதியைக் கண்டுபிடிக்க எந்த வங்கி அதிகாரிக்கும் தோன்றாது, கடலுக்குப் போகிறவனுக்குத்தான் தோன்றும். 1980-ல் இந்தச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆனது, சிஃப்ஸ் என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கட்டுமரத்துக்கு மரம் கிடைப்பது குறைந்ததும், அலையில் இறக்கி ஏற்றத் தோதாக ப்ளைவுட் வள்ளம் கட்டியதும் எங்கள் முட்டத்தில்தான்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். கடலுக்குப் போகிறவன் மட்டும்தான் சங்க உறுப்பினர், வியாபாரிக்கு இடமில்லை, ஊர்ப் பெரிய மனிதருக்கும் இடமில்லை. அப்புறம், சாமியார்களும் கன்னியர்களும் முன்னால் நின்று தொடங்கினார்கள், ஆனால் நிர்வாகம் பங்குப் பேரவைக்குள் சிக்காமல் மீனவர் கைக்குப் போனது. உங்கள் கமிட்டியில் பனை ஏறுகிறவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள் தம்பி.

தேரிக்காட்டான்:

கமிட்டியில் பனை ஏறுகிறவர் யாரும் இல்லை அண்ணாச்சி. வாத்தியார்கள் நாலு பேர், மீதி ரிட்டையர் ஆனவர்கள், ஒரு கடைக்காரர்.

நீங்கள் சொன்ன கடன் கதை எங்கள் ஊரிலும் அப்படியே இருக்கிறது. தை பிறக்கும் முன்னே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுவார்கள். சீசன் முழுக்கக் கருப்பட்டி அவருக்குத்தான் போகும். நேற்று அந்த "ஒன்றும் தெரியாது" அண்ணனிடம் போய்ப் பேசினேன். எந்த மரத்தில் பாளையை எப்போது இடுக்கி போட்டு நசுக்கவேண்டும், எத்தனை நாளைக்கு அப்புறம் சீவ ஆரம்பிக்கவேண்டும், கலயத்துக்குள் சுண்ணாம்பு கூடினால் கருப்பட்டி எப்படி மாறும், குறைந்தால் பதநீர் எப்படிப் புளிக்கும் என்று பேசிக்கொண்டே போனார், இருட்டியே விட்டது. ஏன் அண்ணே தாளில் எழுதவில்லை என்றேன். "அதெல்லாம் ஒரு படிப்பாடே" என்கிறார். தாளை எங்கள் வாலிபர் சங்கப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியிருக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

பத்தமடை மருமகள்:

எல்லாரும் திறமை திறமை என்று பேசுவதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். நான் வாழ்க்கைப்பட்டது பாய் நெய்கிற குடும்பம். 1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது என்று எல்லாப் பத்திரிகையும் எழுதிவிட்டது. புவிசார் குறியீடும் இருக்கிறது. வருகிற அதிகாரியெல்லாம் போட்டோ எடுப்பார்கள். கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நகத்தளவுக் கோரையை இழை இழையாகக் கிழித்து, குனிந்து உட்கார்ந்து நெய்கிற பெண்ணுக்கு ஒரு பாய்க்கு என்ன கூலி கிடைக்கிறது, ஒரு நாளைக்கு என்ன விழுகிறது என்று யாரும் கணக்குப் போட்டதில்லை. என் மகள் நெய்யமாட்டேன் என்கிறாள், நான் வற்புறுத்தவும் இல்லை.

அதனால் தம்பி, உங்கள் ஊரில் அந்த அண்ணனின் மகன் மரம் ஏறத் தயாரா என்று கேளுங்கள். அந்த அக்கா அடுப்பு முன்னால் எத்தனை மணி நேரம் நிற்கிறார், விறகுக்கு எவ்வளவு, புகையில் கண் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "உங்களிடம் எவ்வளவு பெரிய செல்வம் இருக்கிறது தெரியுமா" என்று மேடையில் சொல்வது சுலபம், அந்தச் செல்வத்தைச் சுமக்கிறவருக்குத்தான் இடுப்பு வலிக்கிறது.

எங்கள் ஜமாஅத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது, அதையும் சொல்கிறேன். ரமலானில் ஜகாத் பணத்தை நூறு, இருநூறு என்று வரிசையில் நிற்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பைத்துல்மால் என்கிற பொது நிதியில் சேர்த்து வருடத்துக்குச் சில குடும்பங்களுக்கு மட்டும் தொழில் போடுகிற அளவுக்கு மொத்தமாகக் கொடுத்தார்கள். ஜகாத் வாங்குகிறவருக்கே சொந்தமாகிவிட வேண்டும், கடனாகத் திரும்ப வாங்கமுடியாது என்று ஆலிம்கள் சொன்னதால், வட்டியில்லாக் கடனுக்கு ஸதகா, அதாவது விரும்பிக் கொடுக்கிற தர்மப் பணத்தைத் தனி நிதியாக வைத்தார்கள். அதில் கோரையை அறுப்புக் காலத்திலேயே மொத்தமாக வாங்கிப் போட்ட பெண்கள்தான் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். நெசவு பழையதேதான், கோரைக்காகக் கடன் வாங்குவது மட்டும் நின்றது.

உடன்குடி யாவாரி:

நான் கருப்பட்டி வியாபாரி. திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

வைகாசி, ஆனியில் கருப்பட்டி குவியும், விலை படுத்துவிடும். மழைக்காலம் வந்து மார்கழி, தை ஆகும்போது விலை ஏறும். எங்கள் லாபம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பனை ஏறுகிறவருக்கு ஆனியிலேயே காசு வேண்டும், அவரால் காத்திருக்க முடியாது, எங்களால் முடியும். உங்கள் ஆறு லட்சத்தை மெஷினில் போடாமல் இதில் போட்டால், அதாவது சீசனில் நியாய விலைக்கு எடுத்து வைத்து மார்கழியில் விற்றால், அந்தக் காசு ஊருக்கு நிற்கும். இதை நானே சொல்கிறேன் பாருங்கள்.

ஆனால் வைப்பது லேசில்லை. கருப்பட்டி மழைக்காற்றுக்கு ஈரம் இழுக்கும், கசியும், ஒன்றோடொன்று ஒட்டும். புகை படுகிற பரண் வேண்டும், அடுக்குகிற முறை இருக்கிறது. காயக் காய எடை குறையும். கோயில் பின்னறையில் மூட்டை போட்டு வைத்தால் ஐப்பசி தாண்டாது. ஊரில் பழைய கருப்பட்டிக் கடைக்காரர் யாராவது கிழவராக இருந்தால் அவரைப் பிடியுங்கள், அவரும் உங்கள் தாளில் "ஒன்றும் தெரியாது" என்றுதான் எழுதியிருப்பார்.

இன்னொன்று சீனி. சந்தையில் பாதிக் கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். சென்னையில் இருக்கிறவன் நம்பி வாங்க ஆளில்லாமல்தான் தவிக்கிறான். உங்கள் சபைக்கு உண்மையில் என்ன பலம் என்று கேட்டால் அதுதான் என்பேன்: ஊர் விட்டுப்போன உங்கள் ஆட்களே நாலு ஊரில் இருக்கிறார்கள், பண்டிகைக்கு வருகிறார்கள், கோயில் பேரைச் சொன்னால் நம்புகிறார்கள். ஒரே ஒரு வீட்டுக்காரர் சீனி கலந்தாலும் எல்லார் பேரும் கெட்டது, அதனால் காய்ச்சுகிற இடத்தில் பார்க்க ஆள் வேண்டும். அதைக் குருவானவர் செய்யமாட்டார், காய்ச்சுகிற அக்காக்களே ஒருவருக்கொருவர் செய்தால்தான் உண்டு.

வடமராட்சி:

எங்கட பக்கத்துக் கதையும் ஒன்று. இலங்கையில சர்வோதய இயக்கத்தை ஆரியரத்ன 1958-ல் தொடங்கினது குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்ற ஊரில, அவர் அப்ப கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர். பௌத்தத்தின் மைத்திரி, கருணையை மேடையில் சொல்லிக்கொண்டிருக்காமல் மண்வெட்டி எடுக்க வைத்தவர். சிரமதானம், அதாவது ஊரே சேர்ந்து கூலியில்லாமல் உழைப்பது என்றால் இன்றைக்குத் தமிழ் ஊர்களிலும் எல்லோருக்கும் விளங்கும். அதில் எனக்குப் பிடித்தது, வேலையை விட வேலைக்கு நடுவே எல்லோரும் வட்டமாக இருந்து பேசுகிற கூட்டம். சிறுவர்களும் பேசலாம். எந்த வேலையை எடுப்பது என்றே அங்கேதான் முடிவாகும். உங்கட கமிட்டி பூட்டிய அறைக்குள் முடிவெடுத்தால் நல்ல யோசனையும் கமிட்டிக்காரரின் யோசனையாகத்தான் நிற்கும்.

மேலத்தெரு மாரி:

ஒரு கேள்வி. இந்தத் திட்டம் சபைக் குடும்பங்களுக்கு மட்டுமா? அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் இப்படி ஒரு சுய உதவிக் குழு தொடங்கினார்கள். நான் உங்கள் ஊர் அம்மன் கோயில் தெருதான். எங்கள் அப்பாவும் பனை ஏறினவர்தான், அதே வியாபாரியிடம் அதே முன்பணம். குழுவில் சேரப் போனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்துதான் கூட்டம், ஜெபத்தோடுதான் தொடக்கம் என்றார்கள். வராதே என்று யாரும் சொல்லவில்லை, போகவும் முடியவில்லை. அப்புறம் ஊரில் பாதி மரம் எங்கள் தெருக்காரர்கள் ஏறுகிறது, எங்களை விட்டுவிட்டு நீங்கள் விலையைப் பிடித்து நிறுத்த முடியாது, வியாபாரி எங்களிடம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். நம்பிக்கை உங்களுடையதாக இருக்கட்டும், தராசு பொதுவாக இருக்கவேண்டும்.

தேரிக்காட்டான்:

மாரி அண்ணே, நியாயம். கூட்டத்தை இரண்டு தெருவுக்கும் பொதுவான ஆலமரத்தடியில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வைப்பது என்று குருவானவரிடம் கேட்டேன், சரி என்றார். கமிட்டியில் ஒருவர் முறைத்தார், பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு வழக்குக்கு ஆள் இல்லையே என்று ஒரு பெரியவர் இழுத்தார். அசன பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு வரி பிரித்து, மூட்டை மூட்டையாக அரிசி இறக்கி, விடிய விடியக் காய் வெட்டி, வெளியூர்ச் சனம் உட்பட அத்தனை பேருக்கும் பந்தி போட்டு, மறுவாரமே வரவு செலவை வாசித்துக் காட்டுகிற ஊர் இது. ஏலத்தில் ஒரு வாழைத்தாருக்கு யார் எவ்வளவு கேட்டார் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டை எழுதுகிற அக்காவையே கேட்கப்போகிறேன்.

இன்னொரு யோசனை, இந்த ஆறு லட்சத்தோடு ஊர்க் காசும் கொஞ்சம் சேர்ந்தால்தான் நம்முடையது என்று இருக்கும். எங்கள் பாட்டி காலத்தில் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். மறுபடி தொடங்கினால் இந்தக் காலத்தில் நடக்குமா?

குழித்துறைக்காரன்:

நடக்கும் தம்பி. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைகளில் 1910 வாக்கில் தொடங்கிய பிடி அரிசி இன்றைக்கும் ஓடுகிறது, உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து வைக்கிறார்கள், பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்து சபைக்குக் கொடுக்கிறார்கள், சபை விற்றுக் காசாக்குகிறது. நம் பக்கம் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையும் பிடி அரிசியில் வளர்ந்த பள்ளிக்கூடம்தான், காமராஜர் படித்த இடம். ஆனால் ரேஷன் அரிசியைப் பிடி பிடியாகச் சேர்த்து என்ன விலைக்கு விற்பீர்கள்? கருப்பட்டியாகவே வாங்குங்கள், சீசனில் வீட்டுக்கு வாரம் ஒரு கருப்பட்டி. பரணில் அதுவே முதல் சரக்காக இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி, பணம் வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள். கொடுக்கிற குடும்பம் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறதா? வைத்திருந்தால், தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள் என்றால் கதையே வேறு, வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டும்தான் வாங்கலாம், அதுவும் டில்லி எஸ்.பி.ஐ. மெயின் கிளைக் கணக்கில்தான் வந்து சேரவேண்டும். சபைகளுக்கெல்லாம் மேல் நிர்வாகமான திருமண்டலத்துக்குப் பதிவு இருக்கிறதே, அவர்கள் வாங்கி நமக்குக் கொடுக்கட்டும் என்று நினைக்காதீர்கள், 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. இரண்டு தெருவும் சேர்ந்து தனிச் சங்கம் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் இது கட்டாயம் இடிக்கும்.

இந்த வாரமே அந்தக் குடும்பத்துக்கு ஒரு போன் போட்டு எந்தப் பாஸ்போர்ட் என்று கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள், சங்க விதிகளை எப்படி எழுதுவது என்று அப்புறம் பார்ப்போம்.